கருநாரை, ஒன்று

வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அருள்நாதனும் மைதீன் பிச்சையும் சிநேகிதர்கள். டிசம்பர் முப்பத்தொன்று ஒரு நாள் மட்டும் எதிராளிகள். அன்று காலை நாகல் நகர் டீக்கடை ஒன்றில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, அவரவர் நீள நோட்டைத் திறந்து, ஜனவரி ஒன்று முதல் கண்ணால் பார்த்த பறவைகளை வரிசையாக வாசிப்பார்கள். ஒரு வகைக்கு ஒரு எண். ஆயிரம் காக்காய் பார்த்தாலும் காக்காய் ஒன்றுதான். யார் நோட்டில் வகை அதிகமோ அவர் ஜெயித்தவர். ஜெயித்தவர் வீட்டில் அடுத்த ஒரு வருஷத்துக்கு பைனாகுலர் இருக்கும்.

அந்த பைனாகுலரை இருவரும் சேர்ந்து 1990இல் சென்னை பர்மா பஜாரில் வாங்கினார்கள். ரஷ்யாவில் செய்தது, செங்கல் கனம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகளில் குளம் குளமாகப் போகும்போது மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்துக்கொள்வார்கள். மற்ற ஆறு நாளும் அது யார் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்பதுதான் விஷயம். ஆறு வருஷமாக அது பேகம்பூரில் மைதீன் பிச்சை வீட்டு ஆணியிலேயே தொங்கியது.

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மைதீன் பிச்சைக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் தரம் பிரிக்கிற வேலை. பதனிட்ட ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துத் தனியே போடுகிற கண் அது. அருள்நாதனோ பத்திர எழுத்தர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை, ஒரு நாற்காலி, கட்சிக்காரர்கள் உட்கார ஒரு பெஞ்சு. வடக்கே இன்னாருடைய புன்செய், கிழக்கே வண்டிப்பாதை என்று அவர் நான்கு எல்லை எழுத ஆரம்பித்தால், அந்த நிலத்தில் கால் வைக்காதவனுக்கும் வரப்பு கண்ணுக்குத் தெரியும். ஊரில் அப்படி ஒரு பேர். ஆனால் அந்தத் திறமையை வைத்துக்கொண்டு ஒரு கல்குருவியைக்கூடக் கூடுதலாகப் பார்த்துவிட முடியாது.

1996ஆம் வருஷம் அபூர்வமாக இருவர் கணக்கும் சமமாக வந்தது. டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி ஆளுக்கு நூற்று ஐம்பத்தெட்டு. மறுநாள் ஞாயிறு, வருஷத்தின் கடைசி வாய்ப்பு. மைதீன் பிச்சை பெரியகுளத்தில் மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அருள்நாதன் தனியாக வேலங்குளத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். ஊருக்கு மேற்கே, ஒட்டன்சத்திரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற பழைய குளம் அது.

போகவில்லை. விடிகாலை தூறல். எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி படுத்துவிட்டார். எட்டரை மணிப் பூசைக்குப் போய்த் திரும்பி, இட்லி சாப்பிட்டு, மேசையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். எழுதலாம் என்று முடிவு செய்ததாகக்கூட அவருக்கு ஞாபகம் இல்லை. பேனா ஓடியது.

'29.12.96, ஞாயிறு, காலை மணி 6.40. வேலங்குளம் நடு மடை. கருநாரை, ஒன்று. மடைக்கல்லின் மேல் வடகிழக்கு நோக்கி நின்றது. முதுகும் கழுத்தும் கறுப்பு, வயிறு வெள்ளை, காலும் அலகும் சிவப்பு. மேல் அலகின் நுனி ஒடிந்திருந்தது. சத்தமிடவில்லை. பார்த்தவர் கரையில் ஒற்றைப் பனைக்கு அடியில் நின்று கால் மணி நேரம் பார்த்தார்.'

தன்னையே 'பார்த்தவர்' என்று மூன்றாம் மனிதராக எழுதியது தொழில் பழக்கம். ஒடிந்த அலகும் அப்படித்தான். ஒரு கிணறு என்று மட்டும் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். தென்கிழக்கு மூலையில் இரண்டு படி சரிந்த கிணறு என்று எழுதினால் இல்லாத கிணற்றிலும் தண்ணீர் இறைக்கலாம். கருநாரை இந்தப் பக்கம் வருவதே அரிது. பல வருஷத்துக்கு ஒருமுறை எங்கேயோ ஒன்று தென்பட்டதாகச் சொல்வார்கள்.

முப்பத்தொன்றாம் தேதி மைதீன் பிச்சை அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார். முகத்தில் துளி வருத்தம் இல்லை.

"கருநாரையாண்ணே?" என்றார். "ஒத்தையாவா நின்னுச்சு?"

"ஒத்தையாத்தான்."

"அலகு ஒடிஞ்சிருக்குன்னு போட்டிருக்கீங்க. பாவம், எப்படி இரை எடுக்கும்?"

அருள்நாதன் இதை யோசித்திருக்கவில்லை. டீயை வாயில் வைத்துக்கொண்டார். மைதீன் பிச்சை பையிலிருந்து பைனாகுலரை எடுத்து, கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து, அருள்நாதன் கழுத்தில் தானே மாட்டிவிட்டார்.

"ஆறு வருஷத்துக்குச் சேத்து வச்சு ஒரே போடா போட்டுட்டீங்கண்ணே" என்று சிரித்தார். தனியாகப் பார்த்தது என்றாலும் எழுதியிருந்தால் போதும், நமக்குள்ள என்ன சாட்சி என்று முதல் வருஷமே விதி போட்டவரும் அவர்தான்.

ஜனவரியில் மூன்று ஞாயிறு மைதீன் பிச்சை அவரை வேலங்குளத்துக்கே இழுத்துப் போனார். நாமக்கோழியும் முக்குளிப்பானும் ஊசிவால் வாத்தும் கிடைத்தன. மடைக்கல் காலியாகவே இருந்தது. "போயிருக்கும்யா, ஒரு நாள் தங்கிட்டுப் போற பறவை" என்று அருள்நாதன் சொன்னார். அவருக்கு உள்ளுக்குள் நிம்மதி.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மத்தியானம், பதிவு அலுவலகம் சந்தை மாதிரி இருக்கிற நேரத்தில், மைதீன் பிச்சை சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து கட்சிக்காரர்களுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பாத்துட்டேண்ணே" என்றார்.

"எதை?"

"நம்ம நாரையை. காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி சும்மா ஒரு எட்டுப் போனேன். ஆறு நாப்பதுக்கு மடை மேல நிக்குது. நீங்க எழுதுனபடிக்கே. அலகு மேல் நுனி ஒடஞ்சு."

அருள்நாதன் எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்து நிமிர்ந்தார். அவருக்கு முதலில் தோன்றியது, இவனும் பொய் சொல்கிறான் என்பதுதான். 97ஆம் வருஷக் கணக்கில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறான். அந்த நினைப்பில் ஒரு சுகம்கூட இருந்தது. மனிதன் எல்லாம் ஒன்றுதான் என்று தோன்றி, ரெண்டு மாசமாக நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

அடுத்த ஞாயிறு இருவரும் போனார்கள். பனைக்கு அடியில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் மேல் வெள்ளையாகப் பனி மிதந்தது. ஆறு நாற்பதுக்கு மைதீன் பிச்சை அவர் தொடையில் கை வைத்து அழுத்தினார்.

"அந்தா."

அருள்நாதன் பைனாகுலரை உயர்த்தினார். மடைக்கல் தெரிந்தது. அதன் மேல் காய்ந்த பாசியும் எச்சக்கறையும் தெரிந்தன. வேறு ஒன்றும் இல்லை. கண்ணாடியை இறக்கி, பக்கத்திலிருந்தவர் முகத்தைப் பார்த்தார். தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற அதே முகம். இமை அசையாமல், உதடு லேசாகப் பிரிந்து. பொய் சொல்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று பத்திர மேசையில் தினம் பார்க்கிறவர் அருள்நாதன். இது அது இல்லை.

"தெரியுதாண்ணே?"

"ம். தெரியுது" என்றார் அருள்நாதன்.

அன்று சாயங்காலம் தன் நோட்டிலும் எழுத வேண்டியதாயிற்று. கருநாரை, ஒன்று.

அதற்கு அடுத்த வருஷமும் எழுதினார், அதற்கு அடுத்த வருஷமும். 1999இல் காந்திகிராமத்தில் படித்துக்கொண்டிருந்த நான்சி என்ற பெண், குளங்களைப் பற்றி ஆய்வு செய்கிறவள், இவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிறு கூட வந்தாள். அவளும் பார்த்தாள். அருள்நாதனுக்கு முன்னாலேயே நின்று, வெறும் கல்லைப் பார்த்துப் படம் வரைந்தாள். ஒடிந்த அலகு, இடது தோளில் கலைந்த இறகு ஒன்று, எல்லாம் அதில் இருந்தது.

"சார், இது பனிக்காலத்துக்கு மட்டும் வந்து போற பறவை" என்றாள். "மார்ச்சுக்குள்ள வடக்க கெளம்பிரணும். இது மே மாசமும் நிக்குதுன்னு பாய் சொல்றாரு. ஏன் சார்?"

"கிழடா இருக்கும்மா" என்றார் அருள்நாதன்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. படிப்பு முடிந்து ஊருக்குப் போய்விட்டாள் என்று சொன்னார்கள். வரைந்த படத்தை மட்டும் தபாலில் மைதீன் பிச்சைக்கு அனுப்பியிருந்தாள். தன்னிடம் வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்று ஒரு வரி.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது அருள்நாதன் இதையும் சொல்லிப் பார்த்தார். பார்க்காத பறவையைப் பார்த்ததாக எழுதிவிட்டேன் சாமி என்றார். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சாமியார் சிரிப்பை அடக்குவது கேட்டது. மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். அருள்நாதன் முப்பது சொன்னார். அடுத்த ஞாயிறும் மைதீன் பிச்சை கல்லைப் பார்த்து "அந்தா" என்றார்.

மைதீன் பிச்சைக்கு வேறு கவலை வந்துவிட்டிருந்தது. வேலைக்குப் போகும் முன் தினமும் வேலங்குளத்துக்குச் சைக்கிள் மிதித்தார். "அது இரை எடுத்து நான் பாத்ததே இல்லண்ணே" என்பார். "கால் மணி நேரம் நிக்கும். அசையாது. நான் கொஞ்சம் கண்ணைத் திருப்பிட்டுப் பாத்தா இருக்காது. நாலு வருஷமா பட்டினி கெடந்து ஒரு உசுரு எப்படி நிக்கும்?" மடைக்கல்லுக்குக் கீழே அயிரை மீனைக் கொட்டி வைத்துப் பார்த்தார். மீன் அங்கேயே காய்ந்து கிடந்தது. காக்காய்கூட அதைத் தொடவில்லை. அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. தோல் ஷாப்பில் இரண்டு முறை ஓட்டைத் தோல் நல்ல கட்டில் போய்ச் சேர்ந்து பேச்சு வாங்கினார்.

பிறகு மழை பொய்த்தது. 2002இல் வேலங்குளம் வற்றியது. 2003இல் தரை பாளம் பாளமாக வெடித்தது. நாமக்கோழி போயிற்று, வாத்துகள் வரவில்லை. மடைக்கல் மட்டும் வெட்டவெளியில் பல்லு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. நாரை அதன் மேல் நிற்பதாக மைதீன் பிச்சை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஆகஸ்டில் பழனியம்மாள் ஒரு பாகப்பிரிவினை விஷயமாக அருள்நாதனின் மேசைக்கு வந்தாள். வேலங்குளத்துப் பக்கத்தில் ஆடு வளர்க்கிறவள். வேலை முடிந்ததும் எழுந்திருக்காமல் முந்தானையைச் சரி செய்துகொண்டு கேட்டாள்.

"ஏனுங்க சார், உங்களுக்கு எம்மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?"

"எதுக்கும்மா வருத்தம்?"

"தெனமும் பாக்கறேன், கூப்புடறேன், திரும்ப மாட்டீங்கறீங்களே."

"எங்க?"

"குளத்துலதானுங்க. காலங்காத்தால பனைக்கு அடியில நிப்பீங்களே. எங்க ஆடுக அந்தப் பக்கம் வர மாட்டீங்குதுக. அதட்டி ஓட்டுனா கத்துதுக. நீங்க நின்னா நிக்கட்டும், செத்த நேரம் தள்ளி நில்லுங்கன்னு சொல்லத்தான் கூப்புட்டேன்."

அருள்நாதன் ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் அந்தக் குளத்துக்குப் போனதில்லை. விடிகாலை ஆறு நாற்பதுக்கு அவர் வீட்டில், மனைவி அன்னாள் கொடுக்கிற காபிக்காக அடுப்படியில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். இதை அவர் பழனியம்மாளிடம் சொல்லவில்லை. "எத்தனை நாளா பாக்குறே?" என்று மட்டும் கேட்டார்.

"அது ஆச்சுங்க, ஆறேழு வருஷம்."

அன்று அவர் ஒரு பத்திரமும் எழுதவில்லை. கடையை மூடிவிட்டு டி.வி.எஸ். 50ஐ எடுத்துக்கொண்டு நேரே பேகம்பூருக்குப் போனார். மைதீன் பிச்சை ஷாப்பிலிருந்து அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். இருவரும் வாசலில் வேப்ப மரத்துக்குக் கீழே நின்றார்கள். அருள்நாதன் சுற்றி வளைக்காமல் சொன்னார். அன்றைக்குத் தூறல் என்பதையும், குளத்துக்குப் போகவே இல்லை என்பதையும், அதன் பிறகு ஒரு தடவைகூட அந்தப் பறவையைக் கண்ணால் பார்த்ததில்லை என்பதையும்.

மைதீன் பிச்சை ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"மத்ததெல்லாம்?" என்றார்.

"மத்தது எல்லாம் நெசம்."

"பனங்காடை?"

"பாத்தேன்."

"தொண்ணூத்தி மூணுல வரித்தலை வாத்து எழுதியிருந்தீங்க."

"பாத்தேன். பதினோரு வாத்து."

"ஆறுமணிக்குருவி? சிறுமலை அடிவாரத்துல, நான் வராதப்ப."

"பாத்தேன்யா."

இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டார். நோட்டு இல்லாமலேயே வருஷமும் இடமும் அவருக்கு மனப்பாடம். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். ஓட்டை எங்கெங்கே என்று பார்க்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார். இருட்டிவிட்டது. எல்லாம் கேட்டு முடித்த பிறகு, வேறு குரலில் பேசினார்.

"நான் தனியாப் போற நாள்ல நீங்க பனைக்கு அடியில நிப்பீங்கண்ணே. மொதல்ல கிட்ட வந்து பேசினேன். திரும்பலை. சரி, கணக்குல ஏதோ கோவம், ஞாயித்துக்கெழம நல்லாப் பேசுறாரு, நாம கேக்க வேண்டாம்னு விட்டுட்டேன். ஏழு வருஷமா உங்க பக்கத்துலதான் நின்னு பாத்துட்டு இருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்களுக்கு இங்க நரைச்சுப் போச்சு. அங்க நரைக்கலை. மை அடிச்சுட்டு வாறீங்கன்னு நெனச்சேன்."

அருள்நாதன் தன் தலைமுடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

என்ன செய்வது என்று ஒரு வாரம் பேசினார்கள். நோட்டில் அந்தப் பத்தியை அடித்துவிடலாம் என்றார் மைதீன் பிச்சை. அருள்நாதனுக்கு அது சரியாகப் படவில்லை.

"ரத்துப் பண்றதுன்னா நடக்கவே இல்லன்னு ஆக்குறது. ஏழு வருஷமா நிக்கறதை எப்படி இல்லன்னு எழுதுறது? அனுபவத்துல வந்துருச்சு மைதீன். பன்னண்டு வருஷம் ஒருத்தன் ஒரு எடத்துல நின்னுட்டான்னா அப்புறம் அது அவன் பாத்தியதை. இதுக்கு ஏழு ஆயிருச்சு."

"அப்ப?"

"நான் பாதியில விட்டுட்டேன். நிக்குதுன்னு எழுதினேன், போச்சுன்னு எழுதலை. அதை எழுதணும்."

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, விடியுமுன் இருவரும் போய்ப் பனைக்கு அடியில் உட்கார்ந்தார்கள். அருள்நாதன் 96ஆம் வருஷ நோட்டை மடியில் விரித்து, அதே பத்திக்குக் கீழே பேனாவை வைத்துக்கொண்டார். வெடித்த குளத்தரையிலிருந்து பழைய பாசி நாற்றம் வந்தது. ஆட்காட்டிக் குருவி ஒன்று எங்கோ கத்திக்கொண்டே போயிற்று. அதன் பிறகு சத்தமே இல்லை.

"வந்துருச்சு" என்றார் மைதீன் பிச்சை.

அருள்நாதன் கல்லைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்து எழுதினார். 'மணி 6.55க்கு நாரை கீழே இறங்கி இரை எடுத்தது.'

"எறங்குது" என்றார் மைதீன் பிச்சை, மெதுவாக. "எறங்கிருச்சு. கழுத்தைத் தாழ்த்துது. வெடிப்புக்குள்ள அலகை விடுதுண்ணே. எதையோ இழுக்குது." பேச்சு நின்றது. அருள்நாதன் திரும்பிப் பார்த்தபோது அவர் கையால் வாயைப் பொத்தியிருந்தார். கண் மட்டும் குளத்திலேயே இருந்தது.

'பின் எழும்பி வடமேற்கே பறந்து சென்றது.'

தலைக்கு மேல் காற்று ஒரு முறை அசைந்தது. பனையோலை சலசலத்தது. நோட்டுத் தாள் தானாகப் புரளப் பார்த்தது, அருள்நாதன் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டார். வானத்தில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மைதீன் பிச்சையின் முகம் மட்டும் எதையோ தொடர்ந்து போவது போல வடமேற்கே திரும்பி, அங்கேயே நின்றது.

இன்னும் ஒரு வரி பாக்கி. எழுதிப் பழகிய கை யோசிக்காமல் ஓடியது. 'பார்த்தவர் வீ' என்று எழுதும்போது மைதீன் பிச்சை சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னண்ணே எழுதுறீங்க?"

"வீடு திரும்பினார்னு."

"எந்த வீட்டுக்கு?"

அருள்நாதனுக்கு அடுப்படியும், ஸ்டூலும், காபியோடு திரும்புகிற அன்னாளும் ஒரு நொடியில் கண் முன்னால் வந்தார்கள். 'வீ' என்பதை இரண்டு கோடு போட்டு அடித்தார். 'கரை வழியே மேற்கே போனார். திரும்பவில்லை' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் மேற்குக் கரையிலிருந்து ஆடுகளின் சத்தம் கேட்டது. பழனியம்மாள் வந்துகொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அருள்நாதனைப் பார்த்தாள், பிறகு தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்பத்தானுங்களே என்னையத் தாண்டிப் போனீங்க" என்றாள். "ஆடெல்லாம் ரெண்டா ஒதுங்கிக்கிச்சு. முழங்கால் வரைக்கும் சேறு. குளத்துல பொட்டுத் தண்ணி இல்ல, இவருக்கு எங்கிருந்து சேறுன்னு நெனச்சுட்டே வாரேன்."

சேற்றுத் தடம் இருக்கிறதா என்று இருவரும் போய்ப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வேலங்குளத்தில் நாரையை யாரும் பார்க்கவில்லை. பழனியம்மாளின் ஆடுகள் பனை நிழலில் படுக்க ஆரம்பித்தன. மைதீன் பிச்சை உடம்பு தேறினார். 96ஆம் வருஷக் கணக்கை இருவரும் சமம் என்று திருத்திக்கொண்டார்கள். அருள்நாதனுக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. அன்று அது வெடிப்பிலிருந்து எதை இழுத்துத் தின்றது என்று இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தார்.

"நீங்க 'இரை எடுத்தது'ன்னுதான் எழுதுனீங்க" என்றார் மைதீன் பிச்சை. "என்ன இரைன்னு எழுதலை. நல்லது. அதோட இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை நடை நிற்கவில்லை. ஆனால் ஒரு புது வழக்கம் வந்தது. சாலை பிரிகிற இடத்தில் அருள்நாதன் முதலில் வந்து காத்திருந்தால், மைதீன் பிச்சை பத்தடி தூரத்திலேயே சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார். "பேசுங்கண்ணே" என்பார். அருள்நாதன் ஏதாவது சொல்ல வேண்டும். "நேரமாச்சு, வாய்யா" என்றோ, "ராத்திரி தூக்கமில்ல" என்றோ. குரல் கேட்ட பிறகுதான் கிட்டே வருவார். முதலில் இருவரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது, வழக்கம் மட்டும் இருந்தது.

2006 டிசம்பரில் ஊரெல்லாம் காய்ச்சல். அருள்நாதனுக்குக் காய்ச்சல் விட்டு, குரல் அடியோடு கட்டிக்கொண்டது. அந்த ஞாயிறு போகாமல் இருந்திருக்கலாம். வருஷக் கடைசி என்று போனார். நல்ல பனி. சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது.

"பேசுங்கண்ணே."

வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தொண்டையைக் காட்டி, கையை ஆட்டினார். மைதீன் பிச்சை அசையவில்லை. அவர் பார்வை அருள்நாதனின் தலைமுடிக்குப் போயிற்று, பனிக்கு மாட்டிய குல்லாய்க்குள் நரை மறைந்திருந்தது. பிறகு மெல்ல இறங்கி வேட்டியின் கரைக்குப் போயிற்று. ராத்திரி பெய்த மழையில் வழியெல்லாம் சகதி. வேட்டி நனைந்து முழங்கால் வரை அப்பியிருந்தது.

மைதீன் பிச்சை சைக்கிளைத் திருப்பினார். அவசரப்படவில்லை. ஏறி மிதித்து, பனிக்குள் போய்விட்டார். ஓடிப் பிடிக்கலாம்தான். ஓடினால் அவர் எப்படிப் பயப்படுவார் என்று நினைத்து அருள்நாதன் நின்ற இடத்திலேயே நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டுத்தாள் எடுத்தார். இன்று காலை அங்கே நின்றது நான்தான் என்று நாலு வார்த்தை எழுதி, பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பினால் தீர்ந்தது. பேனாவைத் திறந்தார். தன் கை எழுதினால் மறுபடி எது வந்து நிற்குமோ என்று தோன்றி, மூடி வைத்தார்.

குரல் திரும்ப மூன்று நாள் ஆயிற்று. புதன்கிழமை சாயங்காலம் பேகம்பூருக்குப் போய், மூடியிருந்த கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டது.

"நான்தான்யா, அருள்நாதன். தொண்டை கட்டிக்கிச்சு அன்னைக்கி."

"இன்னும் ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணே" என்றது மைதீன் பிச்சையின் குரல்.

அருள்நாதன் பேசினார். அன்னாளுக்குக் காய்ச்சல் விட்டதையும், பதிவு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருப்பதையும், இந்த வருஷம் தன் கணக்கு நூற்று நாற்பத்தொன்றோடு நிற்பதையும், வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே நின்றார். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். கடைசியில் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது.